காட்டுப் பக்கத்து வளைவு

இதை எழுதுவதா விடுவதா என்று எத்தனையோ வருடங்களாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன். ஆண்டவருக்குத் தெரிந்ததை மனிதருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி மூடிவிடுவேன். நான் அதிகம் படித்தவனும் அல்ல. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் டென்மார்க்கின் ஹேர்னிங்கில், அகதி முகாமில் என்னோடு இருந்த குணம் அண்ணையின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. சாப்பிடும்போது ஒருவர் பழைய கதையை எடுத்தார். "அண்ணை வாரின மண்ணிலை டெனிஷ்காரனே கவிண்டவனெல்லே." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையின் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் பாதியில் எழுந்து கை கழுவினேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி என் முழங்காலுக்குப் பூச ஆமணக்கெண்ணெய் சூடாக்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அந்த மணம் வந்தால் பேதிக்குத் தரப்போகிறார்கள் என்று வேலி பாய்ந்து ஓடுவேன். எண்பதுகளின் நடுவில், இக்காஸ்ட் என்ற ஊருக்கு வெளியே, அதே மணத்தைத் தேடிப் போனேன் என்றால் நம்புவீர்களா? ஸ்பீட்வே என்ற மண்பாதைப் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு அந்த எண்ணெய்தான். அது எரிந்து புகையும்போது, பாஷை தெரியாத நாட்டில் தெரிந்த ஒன்று இருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கும்.

அந்தப் பந்தய மைதானம் முன்பு சரளைக்கல் தோண்டிய பள்ளமாம். தோண்டி முடிந்ததும் அயலில் உள்ளவர்கள் தாங்களே மண் கொட்டி, வட்டமாகப் பாதை போட்டு, பலகையால் வேலி அடித்தார்கள். ஒரு பக்க வளைவில் சொசேஜ் விற்கும் கொட்டில். மறுபக்க வளைவில் ஊசியிலை மரக்காடு. அகதி முகாமில் வேலை செய்ய அனுமதியில்லாமல் கிடந்த எங்களை, பெண்ட் என்ற ஓட்டக்காரர் ஞாயிறுதோறும் தன் காரில் ஏற்றிவருவார். சும்மா கை உதவிதான். கோப்பி தருவார்கள்.

முதல் நாளே குணம் அண்ணை என் காதில் சொன்னார்.

"தம்பி, உதுக்குப் பிரேக் இல்லையாம்."

"அப்ப என்னெண்டு அண்ணை நிப்பாட்டுறது?"

"உன்ரை ஆண்டவரைக் கேள்."

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ட்ராக்டர் பாதையை இழுத்துச் சமன் செய்யும். வளைவின் உள் ஓரத்துப் பள்ளங்களை நாங்கள் இரும்புவாரியால் நிரப்ப வேண்டும். கொட்டில் பக்கம் அண்ணை, காட்டுப் பக்கம் நான். இருவருக்கும் ஒரே மஞ்சள் மேலங்கி. தூரத்தில் யார் யாரென்று டெனிஷ்காரர்களுக்குத் தெரியாது. நான் சாப்பாட்டுக்கு முன் ஜெபித்தால் அண்ணை முகாமில் சத்தமாகச் சொல்வார்: "இவன்ரை ஆமென் வாறதுக்குள்ளை சோறு விறைச்சுப்போம்."

ஒரு ஞாயிறு பெண்ட் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்து அந்தக் கையையே ஆட்டினார். எனக்கு மனம் கேட்கவில்லை. வாரியில் சாய்ந்து நின்றபடி கண்ணை மூடினேன். எங்கள் ஜெபம் குறுகியதல்ல. ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது ட்ராக்டர் வெளியேறிவிட்டது. ஓட்டக்காரர் நாலு பேரும் தொடக்கக் கோட்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தார்கள். என் காலடியில் பள்ளம் அப்படியே கிடந்தது. கையை உயர்த்தியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். வெட்கம். உயர்த்தாமல் வேலியைத் தாண்டிவிட்டேன்.

மூன்றாம் சுற்றில் பெண்டின் முன்சில்லு அந்தப் பள்ளத்தில் இறங்கியது. பலகை உடைந்த சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது. தொடை எலும்பு முறிந்தது. பிறகு அவர் ஓடவே இல்லை.

பாதைக்குப் பொறுப்பானவர் கோபத்தோடு வந்து, இங்கே வாரியது யார் என்று கேட்டார். குணம் அண்ணை தன் நெஞ்சைத் தொட்டார். நான் வாயைத் திறந்தேன். அண்ணை என் மேலங்கியைப் பிடித்து இழுத்தார்.

"என்ரை விசா வந்திட்டுது. உன்ரை இன்னும் வரேல்லை. பேசாமல் நில்லு."

"அண்ணை, அது பாவம்."

"நீ சொன்னாப்போலை அவன்ரை கால் பொருந்துமே?"

அண்ணையை இனி வரவேண்டாம் என்றார்கள். என்னைத் தொடர்ந்து வரச்சொன்னார்கள். நானும் போனேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த வருடம் பெண்ட் ஊன்றுகோலோடு வந்து கொட்டிலில் சொசேஜ் விற்றார். என்னைக் கண்டால் இரண்டாகத் தருவார். எனக்கு விசா வந்த பிறகும் நான் சொல்லவில்லை. ஒருமுறை அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். "உதை இன்னுமோ காவிக்கொண்டு திரியிறாய்?" என்றார். அவர் முப்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பகிடியைக் காவினார். தன் மனைவியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். சத்தம் கூடிவிட்டது என்று மைதானத்தை எப்போதோ மூடி, இப்போது வீடுகள் கட்டியிருக்கிறார்கள். பலகை இல்லை, கொட்டில் இல்லை. பெண்டும் இல்லை, அண்ணையும் இல்லை. மரங்கள் கொஞ்சம் நிற்பதால் இடத்தை மட்டும் கண்டுபிடித்தேன். ஒரு வீட்டுப் புல்தரையின் ஓரம். அங்கே ஜெபிக்கக் கண்ணை மூட எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் அண்ணையின் மனைவியிடம் போகிறேன். இதை வாசிக்கிறவர்கள், அந்தக் கதை எங்கே எழும்பினாலும் இதைச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லும் குறைக்கவேண்டாம், அண்ணையைப் புகழ ஒரு சொல்லும் கூட்டவேண்டாம். குணம் அண்ணை தன் வளைவை ஒழுங்காக வாரியிருந்தார். காட்டுப் பக்கத்து வளைவு என்னுடையது.