நீச்சல் குளத்துக்கு ஆள் போடவில்லை

நேரம் தப்பி ஊதுகிற சங்கைக் கேட்டால் இன்றைக்கும் முதலில் என் மகள் எங்கே என்று தேடுவேன். எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு வேலை நேரத்துக்குத்தான் ஊதும். வேறு நேரத்தில் ஊதினால் ஒன்று தீ, இல்லையென்றால் தண்ணீர். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயங்களுக்குக் கீழே நீர்த்தேக்கம் கிடந்தது. ஒரு பள்ளி விடுமுறையில் அது என் சித்தியின் மூத்த மகனைக் கொண்டுபோனது. சங்கு ஊதியபோது சித்தி மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவள் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்து, பிள்ளையை வேட்டியால் மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு இளையவனை, மலையிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீரில் குளிப்பாட்டும்போதுகூட ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேதான் இருப்பாள். அவனுக்குக் கூச்சமான கூச்சம்!

இன்னும் சில பிள்ளைகள் போன பிறகுதான் அரசாங்கத்துக்கு எங்கள் நினைவு வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டத்திலேயே நீச்சல் குளம் கட்டப் பணம் ஒதுக்கினார்கள். வேலி போட்ட, ஆழம் குறைந்த குளம். பிள்ளைகள் அதில் பயமில்லாமல் நீந்தப் பழகலாமாம். இதைச் சொல்ல அதிகாரி ஒருவர் கூட்டிய கூட்டத்தில் சித்தி எழுந்து நின்றாள்.

"கொளம் கட்டுறீங்க, சரிங்க. புள்ளைங்களப் பாத்துக்கிற ஆளு யாருங்க?"

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையான மனுசன். "கட்டுறதுக்குத்தான் இப்ப காசு வந்திருக்கம்மா. ஆளுக்கு வாற வருசம் எழுதிப் போடுவம்" என்றார். சித்தி உட்கார்ந்தாள், ஆனால் முகம் தெளியவில்லை.

திறப்பு விழா அன்று மந்திரியின் ஜீப் வந்ததும் மரியாதைக்குச் சங்கு ஊதினார்கள். எந்த மகராசனுக்குத் தோன்றிய யோசனையோ தெரியாது! மேல்மலையில் வேலை செய்தவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. சந்தனத் தட்டோடு கீழே நின்ற நான் அண்ணாந்து பார்த்தேன். கூடைகள் உருண்டன. பெண்கள் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து எழுந்து ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் சித்தி. கூட்டத்தைப் பிளந்து, மாலையோடு நின்ற மந்திரியை இடித்துத் தள்ளி, சேலையோடு குளத்தில் இறங்கினாள். படம் பிடிப்பதற்காக இடுப்பளவுத் தண்ணீரில் மற்றப் பையன்களோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான் அவள் மகன். பளாரென்று அறைந்தாள். உடனே இழுத்து அணைத்துக்கொண்டு, "உசுரோடதான் இருக்கியாடா?" என்று கேட்டாள். அவன் குளிரில் நடுங்கினான், அவள் பயத்தில். மந்திரி சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த 'வாற வருசம்' வரவேயில்லை. காவலுக்கும் ஆளில்லை, நீச்சல் பழக்கவும் ஆளில்லை. தோட்ட நிர்வாகம் குளத்தைப் பூட்டியது. பையன்கள் மறுபடி நீர்த்தேக்கத்தின் பக்கம் போகத் தொடங்கினார்கள். எங்கள் லயத்தில் பொழுது சாய்ந்தால் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடும் சத்தம்தான். பதில் குரல் வரும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். கடைசியில் சித்தி மலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் போனாள். "பூட்டி வச்சா டேமுக்குத்தான் போவானுங்க. தெறந்து விடுங்க, நான் ஒக்காந்துக்கிறேன்."

அவர் சாவியைக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் குளத்துக்கு வந்துவிடுவார்கள். அதனால் மத்தியானத்துக்கு மேல் அவள் மலைக்குப் போகவில்லை. அரைப்பேர்தான் விழுந்தது, அதாவது பாதி நாள் சம்பளம். சித்தப்பா கத்தித் தீர்த்தார். மழையோ பனியோ, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குளத்தின் விளிம்பில் குந்தியிருப்பாள்.

இப்போது என் மகளைக் கொழும்பில் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன். உயர்ந்த நாற்காலியில் விசிலோடு காவலாள் இருக்கிறான், சுவர் முழுக்க மிதவை வளையங்கள். அப்படியும் என்னால் உட்கார முடிவதில்லை, கரையோடு கரையாக நடந்துகொண்டே இருக்கிறேன். சித்தி எப்படித்தான் இருந்தாளோ!

அவள் குளத்தில் காவல் இருந்த நாட்களில் ஒருநாள் அவளிடமே கேட்டிருக்கிறேன். "சித்தி, ஒங்களுக்கு நீச்சலே தெரியாதே. ஒரு புள்ள முங்கிட்டா என்ன செய்வீங்க?"

தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"குதிப்பேன். இந்த வாட்டியாவது பக்கத்துல இருப்பேன்ல."