மாப்பிள்ளையின் நிறம்

விதி தெளிவாகவே இருந்தது: படத்தில் உண்மையிலேயே வெள்ளையாக உள்ள ஒரு பொருளைத் தொட்டுக் காட்டவும், மற்ற நிறங்கள் தாமாகச் சரியாகிவிடும். வீடியோ எடிட்டிங் செயலியின் உதவிப் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்துவிட்டுத் திருப்பதியில் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறவன் நான். இவ்வளவு சுருக்கமான உத்தரவைக் கண்டதில்லை. விதிவிலக்கு என்று கீழே ஒரு வரிகூட இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விஷயம் என் தங்கை வசந்தாவின் கல்யாண வீடியோ. அவள் கணவர் முனிரத்தினம், நகரியில் தறி வைத்திருந்தவர், போன வருடம் காலமானார். தலைத்திவசத்துக்கு வருகிற உறவினர்களுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றாள். பீரோவில் கிடந்து கிடந்து கேசட்டில் படம் முழுவதும் செம்மண் நிறமாகியிருந்தது.

"ஃபோட்டோவுல வெறப்பா நிக்கிறாருணா. இதுலதான் சிரிச்சிகினு, நடந்துகினு இருப்பாரு. அவரு அவரு மாரியே இருக்கணும். அவ்ளோதான்."

கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றி வாங்கினேன். வெள்ளைப் பொருள் எது? மாப்பிள்ளையின் வேட்டி. அதை யார் சந்தேகிப்பார்கள்? தாலி கட்டும் காட்சியில் வேட்டியைத் தொட்டேன்; பந்தல் முழுக்க ஊதா பூத்தது. கொஞ்சம் தள்ளித் தொட்டேன். ஊதா குறைந்து நீலம் வந்தது. அதே திருத்தத்தை நகலெடுத்துப் பந்திக்குப் போட்டால், இலையில் சாம்பார் சிமெண்டுக் கரைசலாக ஓடியது. ஒரே பொத்தான், ஒரே அளவு, காட்சிக்கொரு நிறம். பொருள், பார்வை, இணைப்புகள் சகிதம் ஆறு பத்தியில் அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று ஓர் எண்ணோடு பதில் வந்தது. அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன்; அதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இருப்பதில் சுமாரானதை, வேட்டி பளிச்சென்று தெரிவதை, வசந்தாவுக்கு அனுப்பினேன். உடனே ஃபோன் செய்தாள்.

"இன்னாணா இது? ஆஸ்பத்திரில கெடந்தப்ப இருந்தாரே, அந்த மாரி இருக்காரு."

விதியை விளக்கினேன். வேட்டி இப்போது எவ்வளவு வெள்ளை, பார் என்றேன்.

"வேட்டி வெள்ளைன்னு யாரு சொன்னா? மஞ்சத் தண்ணில நனச்சித்தானே கட்டிக்கினாரு? நனச்சதே நீதானே."

ஃபோனை வைத்த பிறகு அந்த வாசனை வந்தது. கல்யாணம் நடந்த நாராயணவனத்தில் சத்திரத்தின் பின்கட்டு. பித்தளை அண்டாவில் கரைத்த மஞ்சள், பக்கத்தில் புது வேட்டி. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எதற்கும் எழுத்தில் உத்தரவு வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் ஊறியிருந்தது. "எவ்வளவு நேரம் ஊற வைக்கணும், நைனா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

நைனா திரும்பியே பார்க்கவில்லை. "இன்னாடா, ஜி.ஓ. வந்தாத்தான் முக்குவியா? முக்கி எடுடா."

முக்கினேன். நடுவில் அடர்மஞ்சள், ஓரத்தில் வெளிறல், அங்கங்கே திட்டு. முனிரத்தினம் அதைப் பிரித்துப் பார்த்தார். "மச்சான், இது வேட்டியா, இந்தியா மேப்பா?" சொல்லிவிட்டுச் சிரித்தபடியே கட்டிக்கொண்டார். வேலைக்குத் திரும்பி மஞ்சள் விரலோடு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். "எவரி பெள்ளி?", யார் கல்யாணம் என்று சூப்பரின்டென்டென்ட் தெலுங்கில் விசாரித்தார். வீட்டில் கல்யாணம் என்று விரலே சொல்லும் காலம்.

ஆக, கணினி தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. மஞ்சளைக் குறையென்று எண்ணி, நான் தொட்ட இடத்தில் அது எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்கு நீலத்தைக் கொட்டியிருக்கிறது. முனிரத்தினத்தின் நல்ல கறுப்பு முகம் சாம்பல் பூத்துவிட்டது. போதாததற்கு, வீடியோக்காரர் சில இடங்களில் பெரிய விளக்கைப் பிடித்திருக்கிறார், சில இடங்களில் டியூப்லைட்டே போதுமென்று விட்டிருக்கிறார். நானோ ஒரே உத்தரவை எல்லாப் பிரிவுக்கும் நகல் அனுப்பிவிட்டேன்.

வேறு வெள்ளையைத் தேடினேன். அட்சதை மஞ்சள், தாலிக்கயிறு மஞ்சள், பெண்ணின் பாதம் மஞ்சள். கடைசியில் தாம்பாளத்தில் உடைத்து வைத்த தேங்காய் அகப்பட்டது. அது இருந்த காட்சியிலெல்லாம் அதைத் தொட்டேன், பந்தியில் சோற்றை. நகலெடுக்காமல் ஒவ்வொன்றாகச் செய்ததில் இரண்டு வாரம் போயிற்று. முகத்துக்குக் கறுப்பு திரும்பியது. வேட்டியில் என் கைவண்ணமும் தெரிந்தது.

மறுபடி அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை. என் மேஜைக்கு எதிரே காத்திருந்தவர்களை முதல்முறையாக மரியாதையோடு நினைத்துக்கொண்டேன்.

சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் நாராயணவனம் வரை பஸ்ஸில் போய்வந்தேன். சத்திரம் இருந்த இடத்தில் குளிர்சாதன மண்டபம். வீடியோக்காரரின் ஸ்டுடியோவில் செல்ஃபோன் உறை விற்கிறார்கள். மண்டபத்து வாசலில் நின்ற ஒரு மாப்பிள்ளையின் வேட்டி பெட்டியிலிருந்து எடுத்த மடிப்போடு இருந்தது. ஓரத்தில் மட்டும் பெயருக்கு ஒரு மஞ்சள் பொட்டு. அண்டா எதுவும் கண்ணில் படவில்லை. மச்சான் என்று என்னைக் கேலி செய்யவும் அங்கே ஆள் இல்லை.

வசந்தாவின் குரல் செய்தி அதன் பிறகுதான் வந்தது. "அவருதாணா. கறுப்பா, லட்சணமா இருக்காரு." வந்த தேதியைப் பழக்கதோஷத்தில் குறித்து வைத்திருக்கிறேன்: திவசத்துக்கு முந்தின நாள், ஆவணி பதினொன்று.