பூமா தின்ற இறைச்சி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலேர்மோவுக்கு வந்து நாலு மாதம்தான். சமையலறைச் சொற்களைத் தவிர இத்தாலிய மொழி எனக்கு ஓடாது. வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் எண்பது வயதுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருடைய மகளான சின்யோரா காலையில் போனால் மாலையில்தான் வருவார்.

பெரியவர் இளமையில் ஆர்ஜென்டினாவில் செம்மறி வளர்த்தவர். நாள் முழுக்க ஒரே கதை, பாதி கையால் நடித்துத்தான். அதில் அடிக்கடி 'பூமா' என்று வரும். எங்கள் ஊரில் பூமாதேவி என்று பெயருள்ளவர்களைச் சுருக்கிப் பூமா என்று கூப்பிடுவார்கள். எனக்கு முன் அங்கே வேலை செய்தது ஒரு தமிழ்ப் பெண். நான் அவளைப் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. வாசல் கதவுத் திறப்பு ஒன்று இன்னும் அவளிடம் இருக்கிறது, இடைக்கிடை வந்து பெரியவரைப் பார்த்துப் போவாள் என்று மட்டும் கேள்வி. அவள்தான் பூமா என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆனால் கதைதான் குழப்பியது. பூமா பொழுதுபடத் தனியே வருவாளாம். சத்தமில்லாமல் பதுங்கியிருந்து ஆட்டின் மேல் பின்னாலிருந்து பாய்வாளாம். கடிக்கும் இடத்தைக் காட்டப் பெரியவர் என் பிடரியைப் பிடித்து நசுக்குவார். முயலையும் விடமாட்டாளாம். தின்றது போக மிச்சத்தை இழுத்துப்போய் இலை குழையால் மூடிவிட்டு, அடுத்த நாளும் வந்து தின்பாளாம். என்ன பெண்ணப்பா இவள் என்று எனக்குத் தலை சுற்றியது. அவள் மேல் ஏதோ கோபம், ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் பிரிட்ஜில் இருந்த இறைச்சி காணாமல் போகத் தொடங்கியது. மூன்றாம் முறை சின்யோரா என்னை நிற்கவைத்துக் கேட்டார். நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும். பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பூமா, சின்யோரா. பூமா சாப்பிடுறாள்."

இலை குழையால் மூடி வைப்பதையும் பெரியவரைப் போலவே கையால் நடித்துக் காட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார். பிடரி மயிரில்லாத சிங்கம் போல ஒரு மிருகத்தின் படம். கீழே பூமா என்று எழுதியிருந்தது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. சின்யோரா சிரிக்கவில்லை. நான் நடித்துக் காட்டியதை யோசித்தபடி பல்கனிக்குப் போய், பூச்சாடிகளுக்குப் பின்னால் குவிந்திருந்த சருகைக் கிளறினார். இறைச்சி அங்கே நாறிக் கிடந்தது. பெரியவருக்கு நினைவு தடுமாறுவது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த மிருகத்துக்காக வைத்தாரா, தன்னையே அந்த மிருகமாக நினைத்துக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதம் குவெஸ்தூராவில், காவல்துறை அலுவலக வரிசையில், படிவத்தோடு முழித்துக்கொண்டு நின்றேன். முன்னால் நின்ற பெண் திரும்பினாள்.

"இஞ்சை தாங்கோ தம்பி, நான் நிரப்பித் தாறன்."

வேலை செய்யும் வீட்டு முகவரியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "அந்த வீடோ? பெரியவர் என்னைத் தேடுறவரோ?"

"ஓம் அக்கா" என்றேன்.

அவள் பெயர் பூமா இல்லை, வேறு. அந்தச் சொல் ஒரு மிருகத்தின் பெயராக இல்லாமல் இருந்திருந்தால் அன்று அவளைக் கள்ளியாக்கியிருப்பேன். என் வேலையைக் காப்பாற்ற முகமே தெரியாத ஒருத்தியைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.