அத்தை சொன்ன கடைசிக் காட்சி

சாயங்காலம் ஐந்தேகாலுக்குத்தான் எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. திரையில் படகு கரைக்கு வந்தது. படகில் கதாநாயகன் இல்லை. காத்திருந்த கதாநாயகி அலறக்கூட இல்லை. படகில் கிடந்த அவனுடைய நனைந்த சட்டையை எடுத்துப் பிழிந்து, காயப்போடுகிறவளைப் போல உதறினாள். கொட்டகையே விம்மியது. அத்தை மட்டும் அழவில்லை.

கல்யாணப் பட்டுக்குக் கிராக்கி ஏறும் முகூர்த்த மாதங்களில், நெசவாளர்கள் வாழும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. வீட்டுக்கு ஒருவர் படம் பார்த்து வந்து மற்றவர்களுக்குச் சொல்வது எங்கள் தெரு வழக்கம். எங்கள் வீட்டில் அந்த வேலை அத்தைக்கு. ராட்டையில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டே, பாட்டு, சண்டை எதையும் விடாமல் சொல்வாள். துணைக்குப் போகிற எனக்கு ஒன்பது வயது. அவள் எதையாவது மறந்தால் எடுத்துக்கொடுப்பேன்.

அத்தையின் வீட்டுக்காரரான மாமாவைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் பேசுவதில்லை. வடக்கே லாரி ஓட்டப் போனவர், தீபாவளிக்கு வருகிறேன் என்றவர், பொங்கல் கழிந்தும் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, படகு வரைக்கும் அத்தை ஒரு காட்சி பிசகாமல் சொன்னாள். அப்பா தறியை நிறுத்திவிட்டார்.

"அப்புறம்? வந்தானா இல்லியா, சொல்லும்மா."

"வராம? வந்துட்டாண்ணா. படகுலருந்து குதிச்சி ஓடியாறான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லப்பா, வெறும் சட்டதான்…" என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடிக்கினு இரு," என்றாள் அம்மா. "படம் பாத்தது அத்தையா, நீயா?"

இரண்டு பேரும்தான். அதைச் சொல்ல வாயெடுக்கும்போது எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்தாள். அதே ஆட்டத்தில் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானை நனைய அழுதவள். இனி உண்மை தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"கடைசில அவன் வந்தானாக்கா?" என்று நானே கேட்டேன்.

அக்கா அத்தையைப் பார்த்தாள். ராட்டை நின்றிருந்தது.

ஒரே கொட்டகையில், ஒரே ஆட்டத்தில், பெரியவர்களின் கண்ணுக்கு மட்டும் வேறு படம் தெரியும் போலிருக்கிறது என்று அன்று மலைத்துப்போனேன். அந்தப் படத்தையும் பார்த்தே தீரவேண்டும் என்று மறுநாள் அழுது அடம்பிடித்தேன். இப்போது, என் மகன் போனை எடுக்காத சாயங்காலங்களில், அக்கா சொன்னதைத்தான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

"வந்துட்டான் கண்ணு," என்றாள். "நீ தூங்கிக்கினு இருந்திருப்ப. தொப்பலா நனைஞ்சிக்கினு வந்தான். வந்ததும் சோறு இருக்குதான்னு கேட்டான்."