கோட்டுக்குள் நின்று பார்க்கச் சொன்னவர்

கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஹெட்மாஸ்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். என் பெயரைச் சொல்லி, "பையை எடுத்துக்கோம்மா, உங்க பெரியப்பா வந்துக்கிறாரு" என்றார். வெளியே பெரியப்பா வண்டியை அணைக்காமல் நின்றிருந்தார். "நைனாவுக்கு உடம்பு சரியில்ல, ஏறு" என்றார். வண்டி திருப்பதி ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போகாமல் எங்கள் தெருவுக்குத் திரும்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பும் அளவுக்கு உடம்பு சரியில்லாதவர் வீட்டில் இருக்கமாட்டார்.

என் நைனா முனிரத்தினம் மேஸ்திரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, செங்கல் சுமக்கப் போய், மேஸ்திரியாகி, சித்தூரிலும் திருப்பதியிலும் கேட்டவர் கேட்டபடி தனி வீடுகள் கட்டிக் கொடுத்தவர். உங்களில் சிலர் அந்த வீடுகளில் குடியிருக்கிறீர்கள். சிலர் அவரோடு நின்று கட்டினீர்கள். நாளை அவர் படத்தைத் திறக்கக் கூடப்போகிறீர்கள். அங்கே படிப்பதற்காக இதை யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். "பொம்பளப் புள்ள மைக் புடிக்க வேணாம்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படிப்பேன்.

முதலில், பாகாலாவில் நைனாவோடு வேலை செய்த ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தபோது நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உங்களில் சிலர் அவரைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கு ஓடினீர்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. சாவுச் செய்தி போனில் வந்த பிறகும் கலவை மெஷின் நிற்கவில்லை என்று எங்கள் சொந்தக்காரர்கள் திட்டினார்கள். பாதியில் நிறுத்திய தளம் என்றைக்காவது ஒழுகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் அழுதுகொண்டே கலவை கொட்டி முடித்தீர்களாம். அந்த வீட்டுக்காரர்கள் மழையில் நனையமாட்டார்கள். நைனா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவருடைய வழக்கம் ஒன்று எல்லோருக்கும் தெரியும். அஸ்திவாரக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பு காலி மனையில் சுண்ணாம்புத் தூளால் வீடு முழுவதையும் முழு அளவில் கோடு போடுவார். அறை, வாசற்படி, அடுப்பு மேடை எல்லாம் கோடுதான். அந்தக் குடும்பத்தை வரவழைத்து ஒரு சாயங்காலம் முழுக்க அதற்குள் நடமாடச் சொல்வார். திருப்பதியில் ஒரு வங்கி அதிகாரி ஹாலிலிருந்து நேராகப் படுக்கையறைக்குள் நடந்துவிட்டார். "சார், செவுத்துல மோதிட்டீங்க, தலைய தடவிக்குங்க" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தோம். அன்று அந்த அதிகாரியின் மனைவியும் மாமியாரும் பூஜை அறைக்காகச் சண்டை போட்டார்கள். நைனா குறுக்கே போகவில்லை. "கோட்டுக்குள்ளயே சண்டை போட்டுக்குங்கம்மா. செவுரு ஏறிட்டா யாருக்கும் நியாயம் கெடைக்காது" என்றார். கோடு இரண்டு முறை அழிந்து மூன்றாவது இடத்தில் நின்றது.

அவர் வாஸ்துவைக் கேலி செய்தவர் அல்ல. கையில் திசைகாட்டியோடு வாஸ்து பார்க்க வரும் சித்தாந்திக்கு நாற்காலி போட்டு மோர் கொடுப்பார். "மூல பாக்கறது தப்பில்ல. மூலய மட்டும் பாக்கறதுதான் தப்பு" என்பார். இதை அவர் சித்தூரில் கற்றுக்கொண்டார். அங்கே ஒரு மேற்குப் பார்த்த மனை. தென்கிழக்கில், அக்னி மூலையில்தான் அடுப்பு இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். அந்த மூலையோ பின்பக்கம், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி. அவர் சொன்னபடியே நைனா கட்டிக் கொடுத்தார். கிரகப்பிரவேசத்தில் பால் பொங்கியபோது அந்த வீட்டுக்காரம்மா புகையில் கண்ணைத் துடைத்தபடி நின்றாராம். நைனா சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். "வூடு ஜோரா வந்துக்கீது லோகா. ஆனா அந்தம்மா ஆயுசுக்கும் இருட்டுலதான் நிக்கப் போவுது" என்று அம்மாவிடம் சொன்னார்.

போன தை மாதம் எங்கள் சொந்த மனையில் கோடு போட்டார். எங்கள் மனையும் மேற்குப் பார்த்ததுதான். அம்மாவைப் பின்பக்கம் அக்னி மூலையில் நிறுத்தி, "இங்க நின்னு பாரு லோகா, இன்னா தெரிது?" என்று கேட்டார்.

"இன்னா தெரியும்? பின்னால வூட்டு செவுருதான் தெரிது. நீ எங்க வெச்சாலும் நான் ஆக்கிப் போடறேன், உடு."

"மேஸ்திரி பொண்டாட்டிக்கி வாயே இல்லியா? நடந்து பாரு. புடிச்ச எடத்துல நில்லு."

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே நடந்தார். தெருப்பக்கம் வடமேற்கில், வாயு மூலைக்கு வந்ததும் நின்றார். அங்கேயும் அடுப்பு வைக்கலாம் என்று சித்தாந்திகளே சொல்வதுண்டு. "இங்கேர்ந்து ரோடு தெரிது. புள்ள ஸ்கூல் வுட்டு வர்றது தெரியும். உன் வண்டி திரும்பறது தெரியும். குழம்பு சூடு பண்ணி வெச்சிடுவேன்" என்றார்.

"அப்ப அடுப்பு இங்கதான்" என்று நைனா அதே இடத்தில் முளைக்குச்சியை அடித்தார். அம்மா அவரிடம் தனக்காக எதையாவது கேட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இப்போது சொந்தக்காரர்கள் இன்னொன்று பேசுகிறார்கள். அம்மா அடுப்பை மூலை மாற்றிக் கேட்டதால்தான் ஆளே போய்விட்டாராம். அம்மாவின் காதில் விழும்படியே பேசுகிறார்கள். பெரியப்பா முளைக்குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை கடைக்கால் தோண்டும்போது சமையலறையை அக்னி மூலைக்கே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். அம்மாவைக் கேட்டதற்கு, "உங்க இஷ்டம் மாமா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பழியைத் தானே நம்பத் தொடங்கிவிட்டார் என்பது எனக்குத் தெரிகிறது. அந்த மூலையில் அம்மா நின்றால் தினமும் அந்தப் பழிக்குள்தான் நிற்பார்.

நடந்ததை நான் சொல்கிறேன். சாவதற்கு முந்தைய வாரம் முழுக்க நைனாவுக்கு நெஞ்சு கனமாக இருந்தது. சிமெண்ட் தூசி என்றார். "திருப்பதிக்குப் போயி ஈசிஜி எடுத்துக்கினு வா" என்று அம்மா தினமும் சொன்னார். வண்டிச் சாவியைக்கூட ஒளித்து வைத்தார். "தளத்துக்கு செண்ட்ரிங் பலக அடிச்சாச்சி லோகா. தளம் முடியட்டும், போறேன்" என்றார் நைனா. மேஸ்திரிமார்களே, நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள். தளம் முடியட்டும், பூச்சு முடியட்டும் என்பீர்கள். நைனாவைக் கொண்டுபோனது அந்த வார்த்தை. அடுப்பு அல்ல. அவரைக் காப்பாற்றப் பார்த்த ஒரே ஆள் என் அம்மா.

பெரியப்பா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பி போன பயத்தில் இப்படிச் செய்கிறீர்கள். எனக்கும் பயம்தான். ஆனால் அம்மா தெருப்பக்கம் நின்று சமைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் நைனா. அவர் போட்ட கோட்டை அவர் போன பிறகு அழிப்பது மரியாதை ஆகாது.

மழையில் கோடு கரைந்துவிட்டது. சுண்ணாம்புத் தூள் மூட்டையில் பாதி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நாளை படத்திறப்பு முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய், நைனா போட்ட கோட்டைத் திரும்பப் போடுவேன். நைனா எனக்கு விட்டுப்போனது அவருடைய அந்தக் கேள்விதான். தெருப்பக்கம் அதே இடத்தில் அம்மாவை நிறுத்தி அதைக் கேட்பேன். "இங்க நின்னு பாரும்மா, இன்னா தெரிது?"

நைனாவின் வண்டி அந்த ரோட்டில் இனித் திரும்பாது. ஆனால் நான் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகத்தான் வருவேன். அம்மாவுக்கு அது தெரிய வேண்டும்.