மூன்றாம் விரல் இல்லாத புத்தகம்

கடலூர்ப் பக்கம் வயலின் கற்றுக்கொண்டவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். 'ம' என்ற சுரம் வரும்போது ஒழுங்காக மோதிர விரலை வைப்பவர்கள் முதல் வகை. அதற்கு முந்தின 'க'வில் வைத்த நடு விரலையே சரட்டென்று இழுத்துக்கொண்டு 'ம'வுக்குப் போகிறவர்கள் இரண்டாம் வகை. நான் இரண்டாம் வகை.

பதினான்கு வயதில் சிதம்பரத்துக்கு ஓர் இசைத் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் இரண்டு வரி வாசிப்பதற்குள் கண்ணைத் திறந்து, "கடலூரா?" என்றார். ஆமாம் என்றேன். "பச்சைப் புத்தகமா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். ஐம்பதுக்கு இருபத்தொன்று போட்டு அனுப்பிவிட்டார்.

பச்சைப் புத்தகத்தை எழுதியவர் ஞானசேகரன் சார். கீரப்பாளையத்தில் நெல் போடுகிற குடும்பம். மகன் வேளாண்மை ஆபீஸில் உட்கார வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். மகன் சிதம்பரத்தில் வயலின் படித்துவிட்டு வந்தார். கடலூரில் ஒரு பள்ளியில் முப்பத்தோரு வருடம் இசை ஆசிரியர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நகவெட்டி இருக்கும். வேலைக்கு ஒரு நாளும் லேட்டாகப் போனதில்லை, பாடத்தில் ஒரு நாளும் தப்பு செய்ததில்லை. இவை இரண்டும் அவரே சொன்னவை. முதலாவதற்கு வருகைப் பதிவேடு சாட்சி.

பிள்ளைகளுக்காக அவர் மூன்று புத்தகம் எழுதினார். முதல் வருடத்துக்குப் பச்சை அட்டை, இரண்டாம் வருடத்துக்கு மஞ்சள், மூன்றாம் வருடத்துக்குச் சிவப்பு. பச்சைப் புத்தகம் 2004-இல் சிதம்பரத்தில் சிங்காரத்தின் அச்சகத்தில் அச்சானது. எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக் கோக்கிற பழைய அச்சகம். சிங்காரம் வேறு யாருமில்லை, சாரின் மனைவி புஷ்பவள்ளி அம்மாவுக்குக் கூடப் பிறந்த தம்பி.

வயலினில் இடது கை விரல்களுக்கு எண் உண்டு. ஆள்காட்டி விரல் 1, நடு விரல் 2, மோதிர விரல் 3. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று சுரத்துக்குக் கீழே சின்னதாக எண் போட்டிருக்கும். பச்சைப் புத்தகத்தின் முதல் இருபத்திரண்டு பக்கங்களில் 3 என்ற விரலே கிடையாது. 3 வரவேண்டிய இடமெல்லாம் 2. இருபத்துமூன்றாம் பக்கத்தில் 3 ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் எங்கள் விரல் பழகியிருக்கும்.

சாரிடம் நேராகக் கற்றவர்கள் அவர் கையைப் பார்த்து வாசித்தார்கள், தப்பித்தார்கள். புத்தகத்தை மட்டும் நம்பியவர்கள் மாட்டிக்கொண்டோம். எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாக்கியமேரி டீச்சரும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றார். அதனால் இன்றைக்கும் எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் பூசையில் எல்லா வயலினும் 'ம'வுக்குச் சறுக்கிக்கொண்டுதான் போகிறது.

தப்பு சார் கண்ணில் பட்டது புத்தகம் அச்சான அடுத்த வருடம், மஞ்சக்குப்பத்தில் நடந்த ஒரு பள்ளிப் போட்டியில். பெண்ணாடத்திலிருந்து வந்த எட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாசித்தார்கள். எட்டு நடு விரல்களும் ஒரே நேரத்தில் இழுத்தன. சார் பாதியில் எழுந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அச்சகத்தில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்களாம். அத்தனை பேர் எதிரில் கத்தியிருக்கிறார். "ஒன் பிரஸ்ல மூணு இல்லன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? ரெண்ட போட்டு ஒப்பேத்துவியா? இருவத்திரண்டு பக்கம் போனப்புறம் போயி மூணு வாங்கியாந்தியா?"

"நீங்க எழுதிக் குடுத்ததத்தான் மாமா கோத்தேன்" என்று சிங்காரம் சொன்னார். பக்க எண்ணில் மூன்றும் பதிமூன்றும் இருப்பதைக் காட்டினார். அது பெரிய எழுத்து, விரலுக்குப் போடுவது பொடி எழுத்து, பொடியில்தான் மூன்று இல்லை என்று சார் சொல்லிவிட்டார். கையெழுத்துப் பிரதி எங்கே என்று கேட்டதற்கு, அப்போதே அக்காவிடம் கொடுத்தாயிற்று என்றார் சிங்காரம். நீ தொலைத்துவிட்டாய் என்றார் சார்.

அந்த ஏழெட்டுப் பேர் சும்மா இருப்பார்களா? ஒரு வாரத்தில் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், "பதிமூணாந்தேதி முகூர்த்தம், ஒன்கிட்ட மூணு இருக்கா சிங்காரம்?" என்றார்கள். அச்சகத்துக்கு அவர் அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. 'மூணில்லா பிரஸ்' என்றால் ஆட்டோக்காரர்கள் நேராகக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

மஞ்சளும் சிவப்பும் புதுச்சேரியில் அச்சாயின. சார் இருபது வருடம் மைத்துனர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'அச்சாபீஸ் ஆள்' என்பார். பச்சைப் புத்தகத்தில் மிச்சமிருந்த பிரதிகளைப் பேனாவால் திருத்தினார். ஆனால் ஊருக்குள் திரிந்ததெல்லாம் ஜெராக்ஸ். அதில் ஒரு பிரதியில் படித்துத்தான் நான் இருபத்தொன்று வாங்கினேன்.

போன வருடம் சார் மூன்று புத்தகங்களையும் திருத்தி வெளியிட முடிவு செய்தார். சுரமும் தெரிந்து தமிழ் டைப்பும் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி, மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கும் என்னைப் பிடித்தார். நான் உடனே ஒத்துக்கொண்டேன். அந்த 3-களை என் கையாலேயே அடித்துப் போட வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது.

சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் வேலை. உட்காரும் முறையைக் காட்டுகிற படத்தில் அரைக்கால் சட்டையோடு சம்மணம் போட்டிருந்த பையனுக்குப் பதிலாக இப்போதைய பிள்ளை ஒன்றைப் போடலாம் என்றேன்; பையனுக்கு முதுகு நேராக இருக்கிறது, கால்சட்டையைப் பற்றி என்ன என்றார். சுருதிக்குச் செல்போனில் ஆப் இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்க மூன்று சனிக்கிழமை ஆனது. 'இடது கை நகத்தை ஞாயிறுதோறும் வெட்டவும்' என்பதில் 'ஞாயிறுதோறும்' வேண்டாமே என்றேன். "அப்ப எப்ப வெட்டுவாங்க?" என்றார். அந்த வரி அப்படியே இருக்கிறது.

கடைசியாக முன்னுரை. சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "முதல் பதிப்பில், அச்சகத்தாரிடம் மூன்று என்னும் எழுத்து இல்லாத காரணத்தால், இருபத்திரண்டு பக்கங்களில் நேர்ந்த பிழைகள்..."

புஷ்பவள்ளி அம்மா காப்பி டம்ளர்களை மேஜையில் வைத்தார். வைத்த வேகத்தில் பாதி காப்பி டபராவில் இருந்தது.

"ஏங்க, அத போடாதீங்க."

"உண்மையத்தான போடறேன்."

"இத்தினி நாளு வாயிலதான் சொன்னாங்க. அச்சுல போட்டுட்டா அவன் செத்தாலும் போகாது. ஆவணியில சுவேதா கல்யாணம். நான் எந்த மூஞ்சிய வச்சிகிட்டு தம்பி வூட்டுக்குப் போவேன்?"

சுவேதா, சிங்காரத்தின் ஒரே மகள். பத்திரிகை முந்தின வாரமே வந்திருந்தது, அக்கா பெயருக்கு மட்டும். சிங்காரமே அடித்த பத்திரிகை. சார் அதில் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். இல்லை.

"நீ போயிட்டு வா, நான் தடுக்கலயே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குத் தொண்டையைக் கனைத்தார்.

அம்மா உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பழைய ஜவுளிக்கடைப் பை ஒன்று இருந்தது. அதை சாரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தார்.

"ஜெனிபர், எனக்கு இந்த சுரமெல்லாம் படிக்கத் தெரியாது. நீ பாத்து சொல்லு."

பைக்குள் நூல் கட்டிய நோட்டு ஒன்று இருந்தது. பச்சைப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி. சாரின் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது, நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது எப்டி ஒன்கிட்ட?"

"அவன்தான் அப்பவே குடுத்தானே. நீங்க என்னிக்கி என்கிட்ட கேட்டீங்க? தொலைச்சிட்டான் தொலைச்சிட்டான்னு நீங்களாவே சொன்னீங்க."

"எடுத்துக் குடுக்கறதுக்கு என்னா?"

"பயம். யாரு தப்புன்னு தெரிஞ்சிட்டா நான் ஒருத்தர வுடணுமேன்னு பயம். தெரியாத வரைக்கும் ரெண்டு பேரும் எனக்கு இருந்தீங்க." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்ப இத அச்சுல போட்டு நீங்களே அவன வுடச் சொல்றீங்க. அதான் எடுத்தேன்."

நான் பக்கம் புரட்டினேன். சாரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், சந்தேகத்துக்கு இடமே இல்லை. 'க' கீழே 2. 'ம' கீழே 2. அடுத்த பக்கத்திலும் 2. இருபத்திரண்டு பக்கமும் பார்த்தேன். சிங்காரம் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. நடுவில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. இருபத்துமூன்றில் முதல் 3 வந்தது.

"ரெண்டுதான் எழுதியிருக்கீங்க சார்" என்றேன். சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அந்த இருபத்தொன்று மார்க் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"நான் எதுக்கு ரெண்டு எழுதப் போறேன்? விரல வச்சுப் பாத்துப் பாத்துதான எழுதினேன்."

"அது என்னா கறை?" என்று அம்மா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "ஏங்க, டிஞ்சர்! இரும்பு கேட்டுல வெரல நசுக்கிக்கிட்டீங்களே, தையல் போட்டு ஒரு மாசம் கட்டோட திரிஞ்சீங்களே, அந்த வருஷந்தான் இது!"

சார் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். மோதிர விரல் நுனிக்குக் கீழே வெள்ளையாக ஒரு தழும்பு. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளின் விரலைப் பார்த்த மனிதர், தன் விரலை அப்போதுதான் பார்த்தார்.

கட்டுப் போட்ட விரலை அழுத்த முடியாமல் நடு விரலால் வாசித்திருக்கிறார். என்ன வாசித்தாரோ அதை அப்படியே எழுதியிருக்கிறார். இருபத்துமூன்றாம் பக்கத்தில் கட்டுப் பிரித்திருக்கிறார்கள். எழுதிய வரை அப்போதப்போது அச்சகத்துக்குப் போனதால், முதல் இருபத்திரண்டு பக்கத்தின் பிழைதிருத்தப் புரூஃபும் கட்டு இருக்கும்போதே வந்திருக்கிறது. அதையும் வாசித்துச் சரிபார்த்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்திருக்கிறது.

சார் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். காப்பி ஆறிப்போனது. பிறகு, "அவன் அப்பவே சொன்னான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஏழெட்டுப் பேரு எதுர்க்க கத்துனேன்" என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. எனக்கும் அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, அவருக்காக நான் வருத்தப்படுவேன் என்று அதுவரை நினைத்ததில்லை.

ஆனால் மனிதர் மனிதர்தான். முன்னுரைக்குத் திரும்பியதும், "சில தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஆரம்பித்தார். நான் கையை எடுத்துவிட்டேன். "சூழ்நிலை காரணமாக" என்றார். அதையும் நான் அடிக்கவில்லை. "கைவிரலில் ஏற்பட்ட விபத்தின் விளைவாக" என்றார்.

"வெரலு எழுதல சார், நீங்க எழுதினீங்க" என்றேன்.

என்னை முறைத்தார். பிறகு பேனாவை எடுத்து அவரே எழுதினார். இரண்டே வரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நகம் வெட்டிக்கொண்டு, மூன்று பேரும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். சார் நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும், "இருப்பானா?" என்றார். "இருப்பான்" என்றார் அம்மா.

அச்சகத்தில் இப்போது கம்ப்யூட்டர், கலர் மெஷின் எல்லாம் இருக்கிறது. சிங்காரத்துக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தவர், பின்னால் வந்தவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "வாங்க" என்றார். மாமா என்று சொல்லவில்லை.

சார் நோட்டை மேஜையில் விரித்து வைத்தார். மேலே இடது கையை வைத்தார். தழும்பைக் காட்டினார். "கட்டு போட்டிருந்தேன். அதான் ரெண்டு. தப்பு என்னுது" என்றார். இவ்வளவையும் வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னார்.

சிங்காரம் மேஜை இழுப்பறையை இழுத்தார். பழைய ஈய எழுத்துகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டாராம். ஒன்றை மட்டும் போடவில்லை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டில் நிறையப் பொடி எழுத்து. அத்தனையும் 3.

"யாராச்சும் கேட்டா காட்டலாம்னு வச்சிருந்தேன். இருவது வருஷமா கிண்டல் பண்ணாங்களே தவிர யாரும் கேக்கல" என்றார்.

சார் பாட்டிலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து முன்னுரைத் தாளை எடுத்து நீட்டினார். சிங்காரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "முதல் பதிப்பில் இருபத்திரண்டு பக்கங்களில் இருந்த விரல் எண் பிழைகள் முழுவதும் என்னுடையவை. அச்சகத்தில் மூன்று இருந்தது."

இரண்டாம் முறை வாய்க்குள் படித்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, கடைசி வரியில் ஒரு குறி போட்டு, மேலே ஒரு சொல்லைச் சேர்த்துத் தாளைத் திருப்பிக் காட்டினார்.

'அச்சகத்தில் மூன்று நிறைய இருந்தது.'

படத்துப் பையனின் கால்சட்டையில் கை வைக்க விடாத மனிதர். 'ஞாயிறுதோறும்' என்ற ஒரு சொல்லை எடுக்க விடாதவர். சார் அந்த வரியைப் படித்தார். பாட்டிலைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"சரியாதான் இருக்கு" என்றார். "அப்படியே போடு மச்சான்."