கம்பளிச் சட்டையின் கை

சனிக்கிழமை தோழி கௌரியுடன் யாழ்ப்பாணத்தில் நடந்த பின்னல் நூல் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே பின்னிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியவர் மட்டும்தான் ஆண். வியர்க்க வியர்க்கக் கம்பளிச் சட்டை பின்னினார். ஒவ்வொரு வரிசை முடிவிலும் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"கம்பஸ் பிள்ளையோ?" என் பல்கலைக்கழகப் பையைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம். எங்கடை வீட்டிலை கம்பஸ் போன முதல் ஆள் நான்தான்," என்றேன் பெருமையாக.

"கனடாவிலை என்ரை மகளும் கம்பஸ்தான். கையை ஒருக்கா நீட்டும் பிள்ளை, அளவு பாப்பம்."

பின்னி முடித்திருந்த சட்டைக் கையை என் தோளருகே பிடித்தார். அது முழங்கையைக்கூட எட்டவில்லை.

"அங்கிள், உது சின்னப்பிள்ளைக்கெல்லோ!" கௌரி சிரித்தாள்.

"மகள் கனடாவுக்குப் போகேக்கை இவ்வளவுதான் இருந்தவ."

அதே நிறத்தில் இன்னொரு நூல் பந்து வாங்கி, சட்டைக் கையை முடித்த இடத்திலிருந்தே நீளமாக்கிப் பின்னத் தொடங்கினார். பஸ் போய்விடும் என்று கௌரி இழுத்தாள். அவர் மறுபடி அளவு பார்க்க நிமிரும்வரை நான் கையை நீட்டியபடியே நின்றேன்.